கறுப்பு வெள்ளைப் போட்டோவில் ஒரு பச்சைச் சேலை

எங்க வாட்டர்கலர் சங்கம் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வீரபாண்டியில் உட்காரும். பனியன் கம்பெனித் தொழிலாளிங்க கொண்டுவர்ற பழைய போட்டோவைப் பார்த்து இலவசமா ஓவியம் வரைஞ்சு தருவோம்.

இன்னைக்கு, துணிக்குச் சாயம் கலக்கற டையிங் லேப்ல வேலை பாக்கற செல்வியக்கா வந்தாங்க. கையில அவங்க அம்மாவோட கறுப்பு வெள்ளைப் போட்டோ.

"சேலை பச்சைங்க."

நானும் தெனாவட்டா ஒரு பச்சையைக் கலக்கிக் காட்டினேன்.

"இல்லீங்க. இது காஞ்சா வெளுத்துருமுங்க. நான் பாக்கட்டுங்களா?"

நான் பிரஷ் துடைக்க வெச்சிருந்த பனியன் துணியைக் கிழிச்சு, கலரைத் தடவி, ஃபேனுக்குக் கீழ காய வெச்சாங்க. வாசலுக்குப் போய் வெயில்ல பிடிச்சுப் பார்த்தாங்க. திரும்பி வந்து ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்தாங்க. லேப்ல ஷேடு பாக்கற அதே முறை.

நாலாவது துண்டை வெயில்ல பிடிச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"இதேதானுங்க."

"எப்படிக்கா இவ்வளவு கரெக்டா ஞாபகம்?"

"அம்மா போனப்ப எனக்கு ஆறு வயசுங்க. கொரலு மறந்துபோச்சுங்க. இந்தக் கலரு மட்டும் அப்படியே இருக்குதுங்க."

ஓவியத்துல சேலையை அவங்களையே பூசச் சொல்லிட்டேன்.

சங்கத்துல புதுசா வர்றவங்களுக்குக் கலர் கலக்கச் சொல்லித் தர்றது நான்தான். இன்னைக்கு செல்வியக்காவுக்கு பிரஷ் கழுவிக் குடுத்தேன்.

கலர் சொல்லித் தர்ற பொறுப்பு இனி யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.