மடக்காமல் விட்ட கட்டை விரல்

என் ஏழு மாத மகள் என்னைப் பார்த்து வீறிட்டாள். பெற்ற அப்பனைப் பார்த்து! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னமராவதியில், மனைவியின் பிறந்த வீட்டுக் கூடம். நான் அன்னவாசலில் வாத்தியார். நாலு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் போச்சு. ஏறிவிட்டாலோ, இனிக் காலாண்டு லீவுக்குத்தான் வர முடியும். பஸ் வருவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் என்னிடம் சிரித்துவிட வேண்டும்.

காலையிலிருந்து என்னென்னவோ செய்து பார்த்தேன். துண்டில் முகத்தை ஒளித்து "பே" என்றேன். அழுகை. யானையாகத் தவழ்ந்தேன். முட்டி தேய்ந்தது, இன்னும் பெரிய அழுகை.

"மீசைய அன்னவாசல்லயே கழட்டி வச்சிட்டு வந்திருக்கலாம்ல?" மனைவிக்குச் சிரிப்பு தாளவில்லை.

மூன்றரை. சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினால், மனைவி குழந்தையின் உள்ளங்கையில் தன் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் ஆடுகிற ஆட்டம்தான். கடைந்ததை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்து, பங்குக்கு ஒரு விரலாக மடக்கினால், கடைசியில் நண்டு ஒன்று கையேறி அக்குளுக்குள் ஓடும்.

"நான் கடையிறேன்!" பாய்ந்து உட்கார்ந்தேன். குழந்தை முறைத்தாள், கையை மட்டும் இழுக்கவில்லை. கடைந்தேன். கட்டை விரலைப் பிடித்து மடக்கினேன். வெடுக்கென்று உருவிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயய்ய! சுண்டு விரல்லேருந்து ஆரம்பிங்க வாத்தியாரய்யா. அவளுக்கு எல்லாம் மனப்பாடம்."

மறுபடியும் கடைந்தேன். சுண்டு விரல் காக்காய்க்கு. அடுத்தது கன்றுக்குட்டிக்கு, அதற்கடுத்தது பூனைக்கு. ஆள்காட்டி விரல் அவள் ஆத்தாளுக்கு. அத்தோடு முடிந்துவிட்டதுபோல, நண்டு ஏறட்டும் என்று குழந்தை கையை உயர்த்திக் காட்டினாள். கட்டை விரல் மட்டும் மடங்காமல் நின்றது.

"இது யாருக்கு?"

"வர்ற ஆளுக்கு. தெனமும் அப்படியேதான் விட்டு வைக்கிறேன், வந்து வாங்கிக்கட்டும்னு." வாசலைப் பார்த்தபடி மனைவி சொன்னாள்.

"அப்பாவுக்கு!" கத்தியேவிட்டேன். மடக்கினேன். குழந்தை தன் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விட்டேன் நண்டை! மணிக்கட்டு, முழங்கை, தோள், அக்குள்... சிரித்தாள்! பல் முளைக்காத ஈறு முழுக்கச் சிரிப்பு, தொந்தி குலுங்கச் சிரிப்பு, கூடம் முழுக்கச் சிரிப்பு!

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"போகலீங்களா?"

குழந்தை ஐந்து விரலையும் விரித்து என் பக்கம் நீட்டினாள்.

"பருப்பு இன்னும் மசியலையே," என்று முழங்கையை ஊன்றினேன்.