மண் தின்ற எலிகள்

என் அண்ணிக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் மண்ணம்மா. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் புது மருந்து வடிவமைக்கும் வேலை அவருக்கு. எலிக்கு வாந்தி எடுக்க வராது. குமட்டினால் மண்ணைத் தின்னும். அதனால் எந்தப் புது மருந்தைச் சோதித்தாலும் கூண்டில் தீனியோடு களிமண் உருண்டையும் வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார். எல்லோரும் எலியின் எடை குறைந்ததா என்று பார்க்க, இவர் மண் குறைந்ததா என்று பார்ப்பார்.

"பசி அடங்கிச் சாப்பிடாம இருக்கறது வேற, கொமட்டிச் சாப்பிடாம இருக்கறது வேற. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். மூளையில் பசியை அடக்கும் இடமும் குமட்டலைக் கிளப்பும் இடமும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாம். ஒரு கதவைத் தட்டினால் அடுத்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். ஒரு கதவை மட்டும் தட்டும் மருந்துக்காகத்தான் அண்ணி வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

என் அண்ணன் பேருந்து ஓட்டுபவர். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் கண் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண் போனால் வேலையும் போகும். சர்க்கரையோடு பசியையும் குறைக்கும் ஊசி ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை போட எழுதிக்கொடுத்தார். ஊசி ஆரம்பித்ததும் அண்ணன் தட்டில் பாதியை மிச்சம் வைத்தார். சட்டை தொளதொளவென்று ஆனது. அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா, உங்க அண்ணன் எப்படி எளைச்சிட்டாரு! மருந்து நல்லா கேக்குது!"

அண்ணன் சிரித்து மழுப்புவார். எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் மருந்து செய்பவரிடம் போய் மருந்தைப் பற்றி நான் என்ன பேச?

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் புது மருந்தால் எலிகள் நன்றாக இளைத்தன. மேலதிகாரி சந்தோஷத்தில் குதித்தார். அண்ணி மண் உருண்டைகளை எடை போட்டார். எலிகள் மண்ணை மொக்கித் தீர்த்திருந்தன.

"எல்லாத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேம்மா!" என்று மேலதிகாரி தலையில் கை வைத்தார். அந்த மருந்து அத்தோடு கைவிடப்பட்டது.

முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்த அண்ணி எங்களிடம் நடந்ததைச் சொன்னார். "எளைச்சிருச்சுன்னு நாங்கதான் சந்தோஷப்பட்டோம். பாவம், அதுங்க கொமட்டல் தாங்காம கெடந்திருக்கு." எதிரே அண்ணன் வழக்கம்போல் தட்டைத் தள்ளி வைத்தார். அண்ணி அந்தத் தட்டையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏங்க, உங்களுக்குக் கொமட்டுதா?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. "வாந்தி எடுக்கப் பையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வண்டி ஓட்டினேன். ஒரு நாள் ஆளுங்களோட பாலத்து மேலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் ஊசியே போடல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் மிச்சம் வச்சா நீ சந்தோஷப்பட்டே. அதைக் கெடுக்க மனசு வராம, ஊசிய நிறுத்தினப்புறமும் மிச்சம் வச்சேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சுருக்கென்று ஒன்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. அண்ணி அழுததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மூவருமாக மருத்துவரிடம் போனோம். "எடை நல்லா கொறஞ்சிருக்கே!" என்று அவர் ஆரம்பித்தார். "அது இருக்கட்டும் டாக்டர், மொதல்ல அவர் சொல்றதைக் கேளுங்க" என்றார் அண்ணி. எல்லாவற்றையும் கேட்ட மருத்துவர், குறைந்த அளவில் மறுபடி தொடங்கி மெதுவாகக் கூட்டலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து ஊசியைக் கையில் எடுத்த அண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

"மறுபடி கொமட்டினா?"

"என்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா நீ என்ன பண்ணுவே?"

"இன்னும் ஒண்ணும் பண்ணத் தெரியலங்க" என்றார் அண்ணி. "ஆனா கேப்பேன்."

அண்ணன் ஊசியைப் போட்டுக்கொண்டார்.