மேஜைமேல் வைத்த பத்திரிகை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் எதிர் மேஜைக்காரனோடு எனக்கு மூன்று வருஷம் பேச்சு கிடையாது. அவன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை என் கையில் கொடுத்து "வந்துடுப்பா" என்று கூப்பிடாமல், நான் டீ குடிக்கப் போன நேரத்தில் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பத்திரிகையா அது, கரண்ட் பில்லா? நான் கல்யாணத்துக்குப் போகவில்லை.

அப்புறம் வேலை விஷயம் எல்லாம் டைப்பிஸ்ட் அம்மா வழியாகத்தான். "லெதர் சாம்பிள் வந்துச்சான்னு அவர்கிட்ட கேளுங்க" என்பேன். அவன் காதிலும் விழும். ஆனாலும் பதிலை அந்த அம்மாவிடம்தான் சொல்வான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆபீசுக்கு ஈமெயில் வந்தது. மெயில் போட்டால் பேசினதாக ஆகாது என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டோம். என் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "ரத்தம் வேணும்னா சொல்லு, நான் வர்றேன்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பியிருந்தான். நிமிர்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். இனிமேல் ஜனங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், முகம் பார்க்காவிட்டால் வீம்பும் கம்மி என்று தோன்றியது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகையை ஸ்கேன் செய்து அவனுக்கு மெயிலில் அனுப்பினேன். "குடும்பத்தோட வரணும்" என்று மனசாரத்தான் எழுதினேன்.

எதிரே நாற்காலி நகர்ந்தது. மூன்று வருஷம் கழித்து அவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"இன்னாய்யா, எழுந்து வந்து கையில குடுக்க மாட்டியா?"