நாற்பத்தைந்து நாளா, அறுபது நாளா? சுறா வேட்டைக்காரர்களின் ஊரில் இரண்டு நாள்

2016 ஜூலை மாதம், இரண்டாம் சனியும் ஞாயிறும் சேர்ந்து கிடைத்த விடுமுறையில் போன பயணம் இது. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. "அந்தக் கடற்கரைக் கட்டுரை என்ன ஆயிற்று, தூங்கிவிட்டீர்களா?" என்று பின்னூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சோம்பேறி என்று என்னை வீட்டிலேயே சொல்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

ஸ்டெல்லாவும் நானும் நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. (பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் கேட்காதீர்கள், இனயத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அவள் கணவர் ததேயுஸ் சுறா பிடிக்கும் விசைப்படகின் ஓட்டுநர். ஒரு தடவை போனால் முப்பது, நாற்பது நாள் ஆழ்கடலில். அந்த ஊரில் யாரும் அதை மீன்பிடிப்பு என்று சொல்வதில்லை, வேட்டை என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணத்தன்று பார்த்த மனிதரை அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை. நான் போகும்போதெல்லாம் அவர் கடலில். அந்த ஜூலையில் ஸ்டெல்லா போன் செய்தாள். "ஏட்டி, இப்ப தடைக்காலம். அவரு வீட்டுலதான் இருக்காரு. இந்தத் தடவையாவது வந்து ஆளைப் பாரு."

தெரியாதவர்களுக்காக: மேற்குக் கரையில் அப்போது ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம் என்பது அரசின் கணக்கு. கன்னியாகுமரிக்குக் கிழக்கே இதே தடை ஏப்ரலிலேயே தொடங்கி முன்னதாக முடிந்துவிடும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல், இரண்டு தடை.

சனிக்கிழமை காலை 6.10க்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் ஏறி, 8.05க்கு நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து நேரே பேருந்தில் போயிருந்தால் பதினொரு மணிக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். எனக்கு ரயில் பைத்தியம். நகரப் பேருந்தில் ஐந்து ரூபாய் கொடுத்துக் கோட்டாறு ரயில் நிலையம் போய், பாசஞ்சருக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் கொசுக்கடி வாங்கினேன். இரணியல் வரை டிக்கெட் பத்து ரூபாய். இருபத்தைந்து நிமிடம்தான் பயணம். ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர், தென்னை, வாழை, இடையில் சாரல் என்று பத்து ரூபாய்க்கு இவ்வளவு பச்சையை வேறு எங்கும் தரமாட்டார்கள்.

இரணியல் நிலையத்திலிருந்து திங்கள்சந்தைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஐம்பதுக்குக் கேட்டுப் பார்த்தேன். "மழைக்கும் சேத்துத்தான் அறுவது" என்றார் ஓட்டுநர். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? திங்கள்சந்தையில் ரசவடையும் சாயாவும் சாப்பிட்டுக் கருங்கல் பேருந்து, கருங்கலில் மாறிக் கடற்கரைப் பேருந்து. இரண்டுக்கும் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்காது, ஆனால் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டது. 12.20க்கு ஊருக்குள் நுழைந்தபோது கடல் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குக் கேட்டது. ஆனிக் கடல். குளிக்கலாம், கால் நனைக்கலாம் என்ற ஆசையோடு அந்த மாதத்தில் யாரும் போக வேண்டாம்.

முதலில் கண்ணில் பட்டது ஆண்கள். தெருவெல்லாம் ஆண்கள். மற்ற மாதங்களில் நான் போனபோது பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் மட்டுமே இருந்த தெரு அது. இப்போது சுவர் பூசுகிறவர்கள், கேரம் ஆடுகிறவர்கள், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள். ஒரே தெருவில் மூன்று கல்யாணப் பந்தல். தகப்பனும் மாப்பிள்ளையும் கரையில் இருப்பது இந்த நாற்பத்தைந்து நாளில்தான் என்பதால், ஊரின் கல்யாணம், நிச்சயதார்த்தம், புதுவீடு எல்லாம் இதற்குள் நடந்து முடிய வேண்டும். மூன்று ஒலிபெருக்கியும் மூன்று பாட்டுப் பாடியதில் ஸ்டெல்லாவின் வீட்டை விசாரிக்கவே கத்த வேண்டியிருந்தது.

ததேயுஸ் வாசலில் நின்று வரவேற்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்களில் தூண்டில் நரம்பு அறுத்த தழும்புகள். நல்ல மனிதர், ஆனால் உட்காரத் தெரியாத மனிதர் போல எனக்குப் பட்டது. ஒரு நாற்காலியை எடுப்பார், அது யாருடையதென்று பார்ப்பார், திரும்ப வைத்துவிட்டு நிற்பார். அவருடைய துணி, சவரக்கத்தி, பல்தூரிகை எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரு பையிலேயே இருந்தன. அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு இல்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு. பக்கத்தில் நிற்கும் அப்பாவை விட்டுவிட்டு, அடுக்களையில் இருக்கும் அம்மாவிடம் போய்த்தான் கடைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அன்று இதையெல்லாம் பார்த்தேனே தவிர, எதையும் யோசிக்கவில்லை. சாளைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் தட்டில் இருக்கும்போது எனக்கு மூளை வேலை செய்யாது.

மறுநாள் ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்ததும் கோவிலை ஒட்டிய மண்டபத்தில் ஊர்க்கூட்டம். தடையை நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளாக நீட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஊரின் கருத்து என்ன என்று அரசுக்கு எழுதி அனுப்ப வேண்டும். விருந்தாளியாக நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சுமார் நூற்றைம்பது ஆண்கள், இருபது பெண்கள்.

வேட்டைக்காரர்கள் ஒரே குரலில் எதிர்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வயதான ஒருவர், கடலுக்கும் பேறுகால ஓய்வு வேண்டாமா, இன்னும் பதினைந்து நாள் விட்டால் குடியா முழுகிப்போகும் என்று கேட்டார். அதற்கு ஒரு படகு உரிமையாளர், நாம் பிடிக்கும் சுறா இந்தக் கரையில் குட்டி போடுவதுமில்லை, இந்த மாதம் பார்த்துப் போடுவதுமில்லை, மத்திக்கும் இறாலுக்கும் போட்ட சட்டத்தில் சுறாக்காரனை ஏன் கட்டுகிறீர்கள் என்றார். அயல்நாட்டுக் கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போகும்போது தடை எங்கே போகிறது என்று இன்னொருவர். தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் ஒரு வாரச் சோற்றுக்குக் காணாது என்று பலர். சின்ன வள்ளத்தில் போகிற சிறுதொழில்காரர்கள் நீட்டிப்பு நல்லது என்றார்கள். விசைப்படகு கரையில் கிடந்தால் அவர்கள் மீனுக்கு விலை கிடைக்கும், அதை மறைக்கவும் இல்லை. எல்லாவற்றிலும் ஒரு நியாயம் இருந்தது, கேட்கக் கேட்க எனக்குத்தான் தலை சுற்றியது.

அப்போது ஸ்டெல்லா எழுந்தாள். அந்த ஊர்ப் பெண்கள் சந்தையில் நாலு ஊர் கேட்கப் பேசுவார்கள். கடல் விஷயத்தில் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை, அது வழக்கம். யாரோ "உக்காரு மக்கா" என்றார்கள். அவள் உட்காரவில்லை.

"எனக்குக் கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம்," என்றாள். "வருஷத்துக்கு நாப்பத்தஞ்சு நாளு தடை. கிறிஸ்மஸுக்கு வந்த நாலஞ்சு நாளையும் கூட்டிக்கிட்டா, நான் எனக்க மாப்பிளை கூட இருந்தது மொத்தம் ரெண்டு வருஷம். மீனுக்காக நீட்டுங்க, நீட்டாம இருங்க. எனக்கு அந்தப் பதினஞ்சு நாளு வேணும்."

முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதியிலேயே அடங்கிவிட்டது. அந்த மண்டபத்தில் ஒவ்வொருவரும் மனதுக்குள் தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நீட்டிக்கலாம் என்பதற்கு முப்பது கை கூட இல்லை. நீட்டிக்கக் கூடாது என்றபோது மண்டபம் முழுக்கக் கைகள். ஸ்டெல்லா அவற்றில் ஒன்றை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வரிசையில் ததேயுஸ், கொஞ்சம் தயங்கிவிட்டு, கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டெல்லா முன்னால் நடந்தாள், ததேயுஸ் பத்தடி பின்னால் வந்தார். மதியம் ஸ்டெல்லா அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், இன்னொரு அகப்பை வேண்டுமா என்று கூடக் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மாலை 3.40க்குப் பைக்கில் கருங்கல்வரை கொண்டுவிடுவதாக ததேயுஸ் சொன்னார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பூட்டிய கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "அவள் அத்தனை பேர் முன்னால் கேட்டாளே அண்ணே, ஒரு கையைத் தூக்காமல் இருந்திருக்கலாமே" என்றேன்.

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்து நாள் முன்பு மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். அவரே முதன்முறையாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். போய் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். போன தடைக்காலத்தில் வந்தபோது மகள் எட்டு, அதுதான் அவர் மனதில். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்கள், மகள் பெயர் வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே மகள் வந்து நின்று பார்த்தாளாம்.

"என்னையக் கூப்பிடல்ல. தலையக் குனிஞ்சிட்டுப் போயிட்டா. வீட்டுல வந்து அம்மைக்கிட்டயும் சொல்லல்ல. நானும் சொல்லல்ல." முகத்தில் தெறித்த சாரலைத் துடைத்துக்கொண்டார். "விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க. நாப்பத்தஞ்சு நாளு நான் எப்பிடியோ விருந்தாளியா இருந்து ஒப்பேத்துதேன். அறுவது நாளு இருந்தா அப்பனா இருக்கணும். அது எனக்குத் தெரியாது."

ஸ்டெல்லாவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். மழை விட்டது. 5.05 பேருந்தில் ஏற்றிவிட்டு, அது கிளம்பும்வரை நின்றுவிட்டுப் போனார். திங்கள்சந்தை, நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி வந்து சேரும்போது ஒன்பதே கால்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருநெல்வேலியிலிருந்து ஊர்வரை சுமார் 120 கிலோமீட்டர், பேருந்தும் ரயிலும் ஆட்டோவுமாக மாறிப் போனால் ஒருவழிக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். ரயில் ஆசை இல்லையென்றால் வடசேரியிலிருந்து நேரே பேருந்து பிடியுங்கள். கருங்கலுக்குத் திரும்பக் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவையுங்கள். தங்க விடுதி கிடையாது. குடை கட்டாயம். ஊரில் ஆண்களைப் பார்க்க வேண்டுமென்றால் தடைக்காலத்தில் போங்கள். காமிராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணப் பந்தலுக்குள் நுழையாதீர்கள், ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். தடையை நீட்டலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், போகும்போது எனக்கு ஒரு கருத்து இருந்தது. இப்போது இல்லை.

மறு வருடமே தடையை நீட்டிவிட்டார்கள். ஜூன் முதல் தேதியே படகுகள் கரைக்கு வந்தன. ஸ்டெல்லா போனில் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். கூட்டம் கை தூக்கினால் என்ன, மாதா எனக்குப் பதினைந்து நாள் தந்துவிட்டாள் என்றாள். நானும் சிரித்தேன். அந்த ஜூலை நடுவில் மறுபடி அழைத்தாள். கிழக்குக் கரையில் தடை முடிந்து படகுகள் போய்க்கொண்டிருந்தன. தூத்துக்குடியில் ஒரு படகுக்கு ஆள் வேண்டுமென்று சொன்னார்களாம், நாற்பத்தைந்து நாள் முடிந்த மறுநாள் காலையில் ததேயுஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் அழவில்லை. "நான் அண்ணைக்குக் கூட்டத்துல எழும்பிப் பேசினதுதான் அவருக்கு நாணக்கேடாப் போச்சு, இல்லியா? இனி ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள். பிறகு, "நீ அவரு கூட பைக்குல போனியே, ஏதாவது சொன்னாராட்டி?" என்று கேட்டாள்.

வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். செரி என்று போனை வைத்துவிட்டாள்.