மூணு எண்ணும்வரை வலிக்கும்

எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் தானாகச் சோறு தின்றதில்லை. ஞானபூரணம் அக்கா பேரைச் சொல்லித்தான் தின்ன வைப்போம். அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. "வாயைத் திறக்கியா, ஊசி அத்தையைக் கூப்பிடவா?" என்றால் போதும், மூடின வாய் தன்னால் திறக்கும். என் மகள் கோமதியை நான் அப்படித்தான் வளர்த்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, தெருவிலேயே அந்தப் பேரை அதிகமாக இழுத்தவள் நான்தான். நாள் முழுக்க மெஷினில் குனிந்து நைட்டி தைக்கிறவளுக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்ட நேரம் எங்கே கிடக்கிறது?

அக்காவுக்கு அது அறவே பிடிக்காது. டியூட்டி முடிந்து வரும்போது என் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். "ஏட்டி மாலா, என் பேரைச் சொல்லிப் பிள்ளையைப் பயங்காட்டாதன்னு எத்தனை தடவை சொல்லுதேன்? நாளைக்கு அது என் முன்னாடி வந்து கையை நீட்டணும்லா?"

"சரிக்கா, சரிக்கா" என்பேன். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "அந்தா வந்துட்டாவ பாரு, முழுங்கு!" என்பேன்.

அக்கா கரிவலம்வந்தநல்லூர்க்காரி. நல்ல உயரம், பெரிய கை, வேகமான நடை. சிரிப்பைக் கஞ்சத்தனமாகத்தான் செலவழிப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் வாய் ஒரே நீளம்.

போன ஜூன் மாதம் கோமதிக்கு அஞ்சு வயசு ஊசி போடவேண்டியிருந்தது. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஊரில் எவள் சொல்லாத பொய்? ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. தரையில் விழுந்து புரண்டாள். அள்ளித் தூக்கி உள்ளே கொண்டுபோனேன். "ஒண்ணுமில்லட்டி, வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டே, பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களைக் காலைப் பிடிக்கச் சொன்னேன். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "எல்லாரும் கையை எடுங்க. இது என்ன ஆட்டுக்கிடாயா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்த?" என்றாள்.

கோமதிதான் அழுகைக்கு நடுவில், "ஐஸ்கிரீம்" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த நேரம் என் கையில் கத்தரிக்கோல் இல்லாமல் போனது நல்லதுதான்.

அக்கா பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ஐஸ்கிரீம் இல்ல மக்கா. ஊசிதான். வலிக்கும். மூணு எண்ணுற வரைக்கும் வலிக்கும். அதுக்கு மேல வலிச்சா என்கிட்ட சண்டைக்கு வா" என்றாள்.

கோமதியின் அழுகை அப்படியே நின்றது. வலிக்கும் என்று அவளிடம் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. அக்கா அவளை என் மடியில் உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கின சோப்புக் குமிழி டப்பா ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து ஊதச் சொன்னாள். குமிழி பறக்கும்போதே ஒன்று, இரண்டு, மூன்று. ஊசி வெளியே வந்துவிட்டது. பிள்ளை அழத்தான் செய்தாள். ஆனால் பழைய அழுகை இல்லை. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

அவள் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். கைக்குழந்தை என்றால் தாயைப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லி ஊசி போடுவாள். இரண்டு மூன்று ஊசி இருந்தால் ரொம்ப வலிக்கிறதைக் கடைசியில் வைத்துக்கொள்வாள். "ஊசி போட இம்புட்டு சோடனையா?" என்று வரிசையில் முணுமுணுப்பார்கள். அவள் காதில் வாங்குவதில்லை. அன்றைக்கு நானும் சேர்ந்துகொண்டேன். "பெரிய டாக்டர்னு நெனைப்பு" என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

எனக்கு நஷ்டம் வேறு. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்து மந்திரம் பலிக்கவில்லை. ஊசி அத்தையைக் கூப்பிடவா என்றால், "குமிழி டப்பாவும் கொண்டுட்டு வருவாவளா?" என்று கேட்கிறாள். எரிச்சலாக வந்தது.

ஆடித்தபசு முடிந்த அடுத்த வாரம், இரண்டு நாள் என் மகள் தங்கமான பிள்ளையாகிவிட்டாள். தட்டில் வைத்ததைத் தானே தின்றாள். "நானே குளிப்பேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தபசுக்குத் தைத்த நீளப் பாவாடையைக் கழற்றவே இல்லை. "பாத்தீயளா, பிள்ளை வளந்துட்டா" என்று என் வீட்டுக்காரர் வெள்ளத்துரையிடம் பெருமையடித்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் காணவில்லை. அதற்குத்தான் அவளை ஒரு அதட்டு அதட்டினேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளையைக் காணவில்லை. வாசலில் வந்து பார்த்தால் ஞானபூரணம் அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தில் தொங்கிய டேப்போடு ஓடினேன். "அங்கன என்னட்டி வேலை உனக்கு?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோமதி பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தாள். கெண்டைக்காலில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. அக்கா ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் ஒரு பல் பதிந்த காயம்.

"அத்தை, இதுக்கு எத்தனை எண்ணணும்?" என்று கேட்டாள் என் மகள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் ஒரு நாய்க்குட்டிக்கு பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். அது கடித்துவிட்டது. அந்தக் குட்டியை அதற்குப் பிறகு தெருவில் யாரும் பார்க்கவில்லை. வெறி முற்றிவிட்டால் மருந்து கிடையாது என்று எனக்கும் தெரியும். இரண்டு நாள் போய்விட்டது. ஐயோ, இரண்டு முழு நாள்! என் பிள்ளை என்னைவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவளை அடிக்கக் கையை ஓங்கினேன்.

அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். "அடிச்சேன்னா அடுத்த தடவை என்கிட்டயும் காட்ட மாட்டா. இன்னும் நேரம் இருக்குட்டி. அழாம சோப்பை எடு" என்றாள்.

தெருக்குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவினாள். என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். வழியெல்லாம் நான் கோமதி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் தடுப்பூசி, அது போகக் காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றவேண்டும் என்றார். திரும்பவும் மூன்று தடவை வரவேண்டும். இதையெல்லாம் கோமதி கேட்டுக்கொண்டிருந்தாள். என் சேலையை இறுக்கிப் பிடித்தாள். "ஒண்ணுமில்லட்டி, வலிக்..." என்று என் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"மக்கா, கையில போடுதது மூணு மூணுதான்" என்றாள் அக்கா. "ஆனா காலுல போடுதது பெரிய வலி. அதைக் குறைக்க என்னால முடிஞ்சது கொஞ்சந்தான். இருபது எண்ணணும். கத்தணும்னா கத்து. காலை மட்டும் ஆட்டாத."

டாக்டர் போட, அக்காவும் கோமதியும் எண்ணினார்கள். பிள்ளை என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எண்ணினாள். பத்து வரைக்கும் எண்ணினாள், அதற்குப் பிறகு கத்தினாள். கத்தலுக்கு நடுவிலும் எண் வந்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. மருந்து முடியவில்லை. இருபத்தாறில்தான் டாக்டர் ஊசியை எடுத்தார்.

அக்கா என் மடிக்கு முன்னால் முழங்காலிட்டாள். "ஆறு கூடிப்போச்சு. நான் சொன்னது தப்பு. மன்னிச்சிரு மக்கா" என்றாள். விளையாட்டுக்கு இல்லை. பெரிய மனுஷியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "பரவால்ல. ஆறுதான" என்றாள்.

ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் கேட்டேன். "அம்மாகிட்ட ஏன்ட்டி சொல்லல? ஊசிக்குப் பயந்தா?"

"இல்ல. நீ வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லுவ. அப்புறம் எவ்வளவு வலிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அழுதுவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு முகம் கொடுத்துப் பேசினாள்.

"நானும் அப்படி இருந்தவதான் மாலா. அந்தக் காலத்துல என்னை மாதிரிப் பிள்ளையை அமுக்கிப் பிடிக்க ஆள் கிடையாது. என் மவனுக்கு ரெண்டு வயசுல காய்ச்சல். டிரிப் ஏத்த நரம்பு கிடைக்கல. நாலு தடவை குத்தினாவ, நாலு தடவையும் நான்தான் பிடிச்சேன். அதுக்கப்புறம் எட்டு நாள் அவன் என்கிட்ட வரல. பால் டம்ளரை நான் நீட்டினா வாங்கமாட்டான், அவங்க அப்பா வாங்கிக் குடுக்கணும். இப்ப பாலிடெக்னிக் படிக்கான். இன்னைக்கும் ரத்தம் எடுக்கணும்னா மயங்கி விழுதான். அதான் சொல்லுதேன், வலியை நாம மொத்தமா எடுத்துர முடியாது. கூட்டாம இருக்கலாம்லா."

மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அக்காவே கூட வந்தாள். இருபத்தெட்டாம் நாள் அவளுக்கு ராயகிரியில் முகாம். நானும் கோமதியும் மட்டும் போனோம். ஊசி போட இருந்தது ஒரு சின்ன வயசு நர்ஸ். பாவம், நல்ல பிள்ளை. சிரித்த முகமாக, "வலிக்கவே வலிக்காது பாப்பா" என்றாள்.

கோமதி அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வலிக்கும்" என்றேன். "ரெண்டு கை. ஒரு கைக்கு மூணு."

மடியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். எண்ணினோம். அடுத்த கை. எண்ணினோம். கண்ணில் தண்ணீர் நிற்க, இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமாம்மா, மூணுதான்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள், நான் சொன்னதையும் நம்பிவிட்டாள். வாசலுக்கு வந்ததும், "வாட்டி, ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்" என்றேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் சுருங்கியது. "இன்னும் ஊசி இருக்காம்மா?" என்றாள்.

ஐஸ்கிரீம் என்றால் ஊசி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தானே. நடுரோட்டில் குனிந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல மக்கா. இது நிஜ ஐஸ்கிரீம். நீ எண்ணிக்கிட்டே வா. அம்பது எண்ணுததுக்குள்ள கடை வந்துரும்."

அவள் என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒரு பஸ்ஸுக்காக ஒதுங்கி நிற்கவேண்டி வந்தது. அப்போதும் எண்ணுவதை நிறுத்தவில்லை. கடை வாசலை மிதிக்கும்போது ஐம்பத்தெட்டு.

"எட்டு கூடிப்போச்சு" என்றேன். "மன்னிச்சிரு மக்கா."

ஐஸ்கிரீம் கப்பைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் தின்று பார்த்த பிறகுதான் என் விரலை விட்டாள்.