சும்மா கிடந்த இடம்

எங்கள் ஊருக்கு முதன்முதலில் படம் வரைந்தவள் நான்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்ட படத்தை நம்பி ஒரு ஊரின் நிலத்தைத் திருத்தினார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? எங்கள் ஊரில் நம்பினார்கள்.

திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கரிசல் எங்களுடையது. கெட்டுப்போன நிலத்தை மக்களைக் கொண்டே சீர்செய்வது என்று ஒரு திட்டம் வந்தது. திட்டத்து சார் நல்ல மனிதர். ஊர் உங்களுடையது, அதன் வரைபடத்தையும் நீங்கள்தான் தரையில் வரைய வேண்டும் என்று சொல்லி, பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் கோலப்பொடியும் செங்கல் தூளும் வேப்பிலையும் கொண்டுவந்து வைத்தார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோலப்பொடியைத் தொட்டால் மீசை உதிர்ந்துவிடும் அல்லவா? மார்கழியில் பெரிய பெரிய கோலம் போடுகிறவள் என்று யாரோ என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம், தெருக்கள், பருத்திக்காடு, கண்மாய் எல்லாம் போட்டேன். “கண்மாய்க்கு மேற்கே என்ன இருக்கு பாப்பா?” என்று சார் கேட்டார்.

மேற்கே இருந்த புறம்போக்கில்தான் அப்பாவும் அம்மாவும் மூட்டம் போட்டார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே கனலவிட்டுக் கரியாக்குகிற வேலை. எங்கள் வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயரும் அதுதான், கரிமூட்டம். அத்தனை பேர் முன்னால் அந்தப் பெயரை நானே வரைந்து காட்ட எனக்கென்ன கிறுக்கா? நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே பருத்திக்காட்டுக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். “அங்க ஒண்ணுமில்ல சார். முள்ளு மண்டிப்போயி சும்மா கெடக்கு.”

“ஆமா சார், சும்மா கெடக்கு” என்றேன் நானும். அந்த இடத்தில் வெறும் தரையை விட்டேன்.

சார் போட்டோ எடுக்கப் போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள், பின்னால் நின்ற அம்மா மெல்ல முன்னால் வந்தாள். பல் விளக்க மடியில் எப்போதும் ஒரு துண்டுக் கரி வைத்திருப்பாள். அதை எடுத்து அந்த வெற்றிடத்தில் வைத்தாள். “நம்ம மூட்டத்த விட்டுட்டியேத்தா” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

“போம்மா, படம் அழுக்காயிரும்” என்று அதைக் காலால் தள்ளிவிட்டேன்.

அம்மா குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையே ஊரறியச் சும்மா என்று சொன்ன பிறகு யாரிடம் சொல்வது? எனக்கு ஒரு பேனா பரிசு கிடைத்தது.

யாரும் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்துபோய்ப் பார்க்காமலே, படத்தில் காலியாக இருந்த இடத்தில் முள்ளை அழித்து, வேலி போட்டு மரக்கன்று நடுவது என்று முடிவாயிற்று. சீமைக்கருவேலம் நிலத்தைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கேட்டார்கள், நான்தான் பதில் சொன்னேன். அப்பா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், பொங்கலுக்கு மட்டும் வருகிற விருந்தாளி ஆனார். கன்றுகள் இரண்டு கோடைகூடத் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றுவது ஊர்ப் பொறுப்பு. ஊர்ப் பொறுப்பு என்றால் யார் பொறுப்பும் இல்லை. ‘மக்கள் பங்கேற்புடன் மீட்கப்பட்ட நிலம்’ என்ற பலகையைச் சுற்றி இன்று சீமைக்கருவேலம்தான் ஆள் உயரம் நிற்கிறது. போன மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

ஆனால் அதையெல்லாம் விட என்னை அரிப்பது கன்று நடக் குழி தோண்டிய நாள்தான். கண்மாய் வேலைக்குப் போவதுபோல வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். எங்கள் வீட்டு ஆளாக அம்மா போனாள். அவளுக்கு அளந்து விட்ட இடம் எங்கள் மூட்டம் இருந்த இடமாகவே அமைந்தது. நான் குடிதண்ணீர் கொண்டுபோனபோது, கடப்பாரை இறங்குமிடமெல்லாம் கரித்தூள் கிளம்பிக்கொண்டிருந்தது. கரிசல் மண்ணைவிடக் கறுப்பு. சார் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இங்க ஏதோ எரிஞ்ச மாதிரி இருக்கேம்மா? யாராவது இந்த இடத்துல ஏதும் செஞ்சிட்டிருந்தாங்களா?”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சாரிடம் சொன்னாள்.

“யாருமில்ல சார். சும்மா கெடந்த எடந்தான்.”

நான் சொன்ன அதே பதில். என் படம் சரிதான் என்று அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.