ஏணி நோட்டீசின் மறுபக்கம்

நான் தமிழ் எழுதிப் பழகிய தாள்களில் அச்சுமை மணக்கும். தொண்ணூறுகளில், இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதிச் சந்து ஒன்றில், மாகாண சபைக்கு மட்டுமே போட்டியிட்ட ஒரு சின்ன இடதுசாரிக் கட்சியின் அலுவலகத்தை அம்மா வாரம் ஒருமுறை கூட்டித் துடைத்துக் கொடுப்பார். அதற்குப் பதிலாக ஞாயிறு பின்னேரங்களில் பின்னறையைக் கேட்டு வாங்கி, என்னையும் இன்னும் எட்டுப் பிள்ளைகளையும் இருத்தி ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பார். எழுதக் கொப்பி கிடையாது. தேர்தலில் மிஞ்சிய "நோட்டீசு"களின் வெறும் பக்கந்தான் கொப்பி; முன்பக்கத்தில் கட்சியின் சின்னமான சிவப்பு ஏணி இருக்கும்.

ஆகவே அந்தக் கட்சியின் தேர்தல் வரலாற்றை நான் தாள் கட்டுகளால்தான் அறிவேன். ஓர் ஆசனம் வென்ற முதல் தேர்தலில், வீடு வீடாகக் கொடுத்துத் திரிய ஆட்கள் நிறைய இருந்ததால், மிஞ்சியது ஒரே கட்டு. எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதினோம். அடுத்ததில் பாதிப்பேர் வேறு கட்சிக்குப் போய்விட, ஆசனம் மயிரிழையில் தப்பியது, கட்டுகள் என் இடுப்பளவுக்கு வந்தன. மூன்றாவது தேர்தலுக்கு முந்திய ஞாயிறு கதவைத் திறந்தால் உள்ளே நடக்க இடமில்லை. நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா என் காதைத் திருகினார்.

"சந்தோசப்படாதை. தாள் மிஞ்சினால் ஆள் இல்லையெண்டு அர்த்தம். ஆள் இல்லாட்டி எங்களுக்கு அறையும் இல்லை."

அது உண்மை. அந்த ஒற்றை ஆசனமும் போனால் அலுவலகத்தையே மூடவேண்டும் என்று செயலாளர் சாரோ முன்பே சொல்லியிருந்தார். வேறு இடம் கேட்க எங்களுக்கு யாரையும் தெரியாது. அம்மாவிடம் "பெர்மெஸ்ஸோ" என்ற வதிவிட அனுமதி இருந்ததே தவிர வாக்குரிமை இருக்கவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார்: ஏணி வென்றால் வெறுங்காலோடு மலையேறி வருவதாக, நகருக்கு மேலே மலையில் கோயில்கொண்ட புனித ரொசாலியா மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். நாங்கள் சைவக்காரர், ஆனாலும் அந்த மலைக்கோயில் அங்கிருந்த எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் பொது. கோயில் வாசலையே மிதிக்காத சாரோ இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் கட்சிக்குச் சாமியே கிடையாது என்று அவர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவைக்கு இல்லாட்டி விடு. எனக்கு இருக்கிறாதானே" என்றார் அம்மா.

ஏணி தோற்றது. சாவியைத் திருப்பி வாங்க வந்தபோது சாரோ சிரிக்கவில்லை. அம்மா அறையைக் கடைசி முறையாகக் கழுவிவிட்டுத்தான் கொடுத்தார். வகுப்பு பிறகு நடக்கவேயில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்கு இன்றும் தங்கள் பெயருக்கு மேல் தமிழ் எழுத வராது. எனக்கு அது இன்னும் கவலைதான்.

இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை. கட்சி இன்னொன்றோடு சேர்ந்து, அதுவும் வேறொன்றாகி, பெயரே இல்லாமல் போய்விட்டது. சென்ற தேர்தலில், குடியுரிமை கிடைத்தபின் முதன்முதலாக, அம்மா வாக்குப் போடப் போனார். வெளியே காத்திருந்த என்னிடம் வெகுநேரம் கழித்து வந்தார்.

"ஏணியைக் காணேல்லைப் பிள்ளை."

"அது இப்ப இல்லையம்மா. அப்ப என்னத்துக்குப் போட்டனீங்கள்?"

"நானே ஒண்டு கீறிப்போட்டு வந்திட்டன்."

அது செல்லாத வாக்கு என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.